இமிடசோலியம் குளோரைடு படிகம்: சி2-எச்…குளோரைடு தொடர்பை ஹைட்ரஜன் பிணைப்பு என்று எழுதலாமா? அதை எடுத்துவிட்டால் உருகுநிலை ஏன் ஏறுகிறது?

கேட்டவர்: உப்புக்கரைசல்

வணக்கம். அயனித் திரவங்களில் (குறைந்த சூட்டிலேயே உருகிவிடும் உப்புகள்) பிஎச்.டி. செய்கிறேன். ஒரே சந்தேகம்தான், ஆனால் இரண்டாகக் கிளை விட்டு நிற்கிறது.

1-பியூட்டில்-3-மெத்தில்இமிடசோலியம் குளோரைடு (எங்கள் லேபில் 'பிமிம் குளோரைடு') செய்தேன். எல்லோரும் செய்கிற வழிதான். மெத்தில்இமிடசோலையும் குளோரோபியூட்டேனையும் நைட்ரஜன் ஓட்டத்தில் சூடாக்கி, வந்ததை அசிட்டோநைட்ரைலில் கரைத்து, எத்தில் அசிடேட் விட்டுப் படிகமாக்கினேன். ஒரு நல்ல படிகம் மாட்டியது. 100 கெல்வினில் எக்ஸ்ரே டேட்டா எடுத்தோம். வளையத்தில் இரண்டு நைட்ரஜனுக்கு நடுவே இருக்கிற கார்பன் (சி2) மேல் உள்ள ஹைட்ரஜனுக்கும் குளோரைடுக்கும் இடையே 2.58 ஆங்ஸ்ட்ராம், கோணம் 160 டிகிரியை ஒட்டி. சந்தோஷமாக 'ஹைட்ரஜன் பிணைப்பு' என்று பேப்பரில் எழுதிவிட்டோம். பேப்பரை மதிப்பிடும் ரெஃப்ரீ திருப்பி அனுப்பியிருக்கிறார்: "நேர்மின் அயனியும் எதிர்மின் அயனியும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன, அவ்வளவுதானே? ஹைட்ரஜன் பிணைப்பு என்பதற்கு ஆதாரம் என்ன?"

இரண்டாவது. அந்த ஹைட்ரஜன் இருக்கிற இடத்தில் மெத்தில் போட்ட உப்பையும் செய்தேன். பிணைப்பு போய்விட்டது, ஆக உருகுநிலை இறங்கும் என்பது என் கணக்கு. நடந்தது தலைகீழ். பிமிம் குளோரைடு 70 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடுகிறது. மெத்தில் போட்டது 100-ஐ நெருங்குகிறது. குளோரைடுக்குப் பதில் பிஸ்ட்ரைஃப்ளிமைடு என்ற எதிர்மின் அயனி உள்ள உப்புகளிலும் இதே கதை. மெத்தில் போட்டால் பாகுத்தன்மை ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகிறது.

கைடிடம் கேட்டால் 'லிட்டரேச்சர் பாருப்பா' என்கிறார். பார்த்தேன். ஒருவர் சொன்னதை அடுத்தவர் மறுக்கிறார். யாராவது விளக்கினால் புண்ணியமாகப் போகும்.

பதில்: கோனியோமீட்டர்

தம்பி, ரெஃப்ரீ மேல் கோபப்படாதீர்கள். நியாயமான கேள்விதான். நான் எக்ஸ்ரே கருவியோடு குடும்பம் நடத்துகிறவள். ஊரார் கொண்டுவரும் படிகங்களைப் பார்ப்பதுதான் வேலை. அமைப்பு தீர்ந்த உடனே எல்லோரும் செய்கிற முதல் காரியம், ஹைட்ரஜனிலிருந்து பக்கத்து அணுவுக்கு ஒரு புள்ளிக்கோடு இழுப்பது. கோடு போட்டால் பிணைப்பு வந்துவிடாது.

கார்பன் மேல் உள்ள ஹைட்ரஜன் பிணைப்பில் சேருமா என்பது பழைய சண்டை. 1962-ல் லண்டன் பிர்க்பெக் கல்லூரியில் இருந்த ஜூன் சூட்டர், படிக அமைப்புகளில் சி-எச்…ஆக்சிஜன் தொடர்புகள் சில வழக்கத்துக்கு மாறாகக் குட்டையாக இருக்கின்றன, இவை ஹைட்ரஜன் பிணைப்புகள் என்று நேச்சர் இதழில் எழுதினார். 1968-ல் ஜெர்ரி டோனஹ்யூ அதை ஒரேயடியாக மறுத்தார். அவர் பெரிய ஆள். ஆகவே வெகுகாலம் அந்தப் பேச்சே அடங்கிப்போனது. 1982-ல் கேம்பிரிட்ஜில் ராபின் டெய்லரும் ஓல்கா கென்னார்டும் 113 படிக அமைப்புகளை எடுத்து அலசினார்கள், எல்லாமே நியூட்ரான் டேட்டா. சூட்டர் சொன்னதுதான் சரி என்று ஆனது. சூட்டர் அம்மாவுக்கு அப்போதே கிடைத்திருக்க வேண்டிய மரியாதை என்று எனக்கு இன்றைக்கும் ஒரு ஆதங்கம் உண்டு. அது இருக்கட்டும்.

அதில் 'நியூட்ரான்' என்பதைக் கவனியுங்கள். எக்ஸ்ரே பார்ப்பது எலக்ட்ரானை. ஹைட்ரஜனிடம் இருப்பதே ஒன்று. அதுவும் கார்பன் பக்கம் இழுபட்டிருக்கும். அதனால் எக்ஸ்ரேயில் சி-எச் நீளம் குறைவாகத் தெரியும். ஷெல்எக்ஸ்எல் என்ற ரீஃபைன்மென்ட் புரோகிராம் உங்கள் வளைய ஹைட்ரஜனை 100 கெல்வினில் 0.95 ஆங்ஸ்ட்ராமில் வைத்திருக்கும், அறை வெப்பநிலை என்றால் 0.93-ல். அணுக்கரு உண்மையில் இருப்பது 1.08-ஐ ஒட்டி. எனவே உங்கள் 2.58 என்பது ரீஃபைன்மென்ட் புரோகிராம் வைத்த இடத்திலிருந்து அளந்த தூரம். மெர்க்குரி என்ற படிக அமைப்பு மென்பொருளில் ஹைட்ரஜனை நார்மலைஸ் செய்யும் (உண்மை நீளத்துக்கு நகர்த்தும்) வசதி இருக்கிறது. ஹைட்ரஜனை 1.08-க்கு நீட்டிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள், 2.46 பக்கம் வரும். வான்டர்வால்ஸ் ஆரங்களைக் கூட்டினால் 1.20, 1.75, மொத்தம் 2.95. அரை ஆங்ஸ்ட்ராம் உள்ளே வந்திருக்கிறது. பேப்பரில் இந்த இரண்டு எண்களையும் போடுங்கள், எது எப்படி வந்தது என்று ஒரு வரி சேர்த்து.

ஆனாலும் இதை மட்டும் காட்டினால் அந்த ரெஃப்ரீ அசையமாட்டார், நானும் அசையமாட்டேன். உப்பில் எதிரெதிர் அயனிகள் எப்படியும் நெருக்கியடித்துக்கொண்டுதான் இருக்கும். ஹைட்ரஜன் பிணைப்புக்கு, சர்வதேச வேதியியல் ஒன்றியமான ஐயுபாக் 2011-ல் புது வரையறை கொடுத்தது. அந்தக் குழுவுக்குத் தலைவர் பெங்களூரு ஐஐஎஸ்சியின் இ. அருணன், படிகவியலாளர் தேசிராஜுவும் குழுவில் இருந்தார். அதில் 'இத்தனை ஆங்ஸ்ட்ராமுக்குள் இருந்தால் பிணைப்பு' என்று ஒரு எல்லைக்கோடே கிடையாது. பிணைப்பு உண்டானதற்குச் சான்று வேண்டும் என்கிறார்கள்: திசை, அதிர்வு நிறமாலை, என்.எம்.ஆர். (அணுக்காந்த ஒத்ததிர்வு) இப்படி.

திசை உங்களிடம் இருக்கிறது. வெறும் மின்னூட்டக் கவர்ச்சி என்றால் குளோரைடு வளையத்தின் தலைக்கு மேலேயும் சௌகரியமாக உட்காரலாம். உங்கள் படிகத்தில் அது வளையத் தளத்தை ஒட்டி, சி-எச் நீட்டுகிற பக்கமாக வந்து நிற்கிறதா என்று பார்த்து, தளத்திலிருந்து எவ்வளவு விலகல் என்று சொல்லுங்கள். அப்புறம் என்.எம்.ஆர். ஒரே நேர்மின் அயனி, எதிர்மின் அயனி மட்டும் வேறு. டியூட்டரோகுளோரோஃபார்மில் குளோரைடு உப்பின் சி2 புரோட்டான் 10 பிபிஎம்மைத் தாண்டி நிற்கும். ஹெக்ஸாஃப்ளூரோபாஸ்ஃபேட் உப்பில் 8.5-ஐ ஒட்டி இறங்கிவிடும். வளையத்தின் மற்ற இரு கார்பன்களான சி4, சி5 மேல் உள்ள புரோட்டான்கள் இந்த அளவுக்கு ஆடுவதில்லை. இந்த இரண்டு ஸ்பெக்ட்ரத்தையும் ஒன்றின் கீழ் ஒன்றாகப் போட்டால் ரெஃப்ரீக்குப் பேச்சு குறையும்.

'அது கரைசல்தானே, படிகமா?' என்று திருப்பிக் கேட்பார். அதற்கு ஐஆர் (அகச்சிவப்பு நிறமாலை). சி-எச் நீட்சிப் பகுதி நெரிசலான இடம், எந்தப் பட்டை எதற்குச் சொந்தம் என்றே சண்டை நடக்கும். அதனால் சி2 மேல் மட்டும் டியூட்டீரியம் ஏற்றிவிடுங்கள். கனநீரில் துளி காரம் சேர்த்துச் சூடாக்கினால் அந்த ஒரு ஹைட்ரஜன் தானாக மாறிக்கொள்ளும். அவ்வளவு அமிலத்தன்மை அதற்கு. சி-டி (கார்பன்-டியூட்டீரியம்) பட்டை அலை எண் 2200-லிருந்து 2400-க்குள், வேறு எதுவும் குறுக்கே வராத இடத்தில் தனியாக வரும். குளோரைடில் எங்கே, பிஸ்ட்ரைஃப்ளிமைடில் எங்கே என்று ஒப்பிடுங்கள்.

இன்னொன்று. படத்தில் ஒரு ஜோடியை மட்டும் வெட்டி எடுத்துக் காட்டாதீர்கள். ஒரு குளோரைடைச் சுற்றி எத்தனை நேர்மின் அயனிகள், எந்தெந்த சி-எச் என்று முழு அக்கம்பக்கத்தையும் காட்டுங்கள். சி4, சி5, ஏன் நைட்ரஜன் பக்கத்து மெத்தில் ஹைட்ரஜன்கூட அங்கே வந்து தொட்டுக்கொண்டிருக்கும். 1980-களில் இந்த உருகிய உப்புகளில் வளையங்கள் அடுக்கடுக்காக நடுவே அயனியை வைத்து உட்காருமா, அல்லது ஹைட்ரஜன் பிணைப்பால் நிற்குமா என்று இரண்டு கட்சி இருந்தது. 1989-ல், பியூட்டிலுக்குப் பதில் எத்தில் உள்ள உறவினரின் குளோரைடு படிக அமைப்பு வந்தபோதுதான் பிணைப்புக் கட்சிக்குக் கையில் கெட்டியாக ஒன்று கிடைத்தது. அந்தப் பேப்பரை அறிமுகத்தில் சேருங்கள், நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள்.

உருகுநிலை விஷயம் என் துறை இல்லை. சிமுலேஷன்காரர்கள் யாராவது வரட்டும். ஆனால் எனக்கும் ஒரு சந்தேகம் இருக்கிறது, பிறகு எழுதுகிறேன்.

பதில்: பாதிமின்சுமை

கூப்பிட்ட மாதிரி வந்துவிட்டேன். உப்புக்கரைசல், உங்கள் கணக்கில் பாதிதான் இருக்கிறது. உருகுநிலை என்பது உருகும் என்தால்பியை (உருக்கத் தேவையான வெப்பம்) உருகும் என்ட்ரோபியால் (உருகும்போது கூடும் ஒழுங்கின்மை) வகுத்தால் வருவது. பிணைப்பை எடுத்தால் மேலே இருக்கிற எண் கொஞ்சம் குறையும், சரி. கீழே இருக்கிற எண் அதைவிட அதிகமாகக் குறைந்தால்? விடை ஏறத்தான் செய்யும்.

உங்கள் கேள்வியையே தலைப்பாக வைத்து லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பாட்ரிசியா ஹன்ட் 2007-ல் ஒரு பேப்பர் எழுதினார்: ஹைட்ரஜன் பிணைப்பு குறைந்தால் பாகுத்தன்மை ஏன் கூடுகிறது என்று. குவான்டம் கணக்கீடு. சி2 மேல் ஹைட்ரஜன் இருக்கும்போது குளோரைடுக்கு நிற்க இடங்கள் பல: சி2-எச்-க்கு நேர் எதிரே, அதன் இரு பக்கங்களிலும் பியூட்டிலையோ மெத்திலையோ ஒட்டி, வளையத்துக்கு மேலே, கீழே. இவற்றுக்குள் ஆற்றல் வித்தியாசம் பெரிதாக இல்லாததால் அயனி இடம் மாறிக்கொண்டே இருக்கலாம். மெத்தில் வந்து உட்கார்ந்ததும் முன்பக்கம் போய்விடுகிறது. நாலைந்து வாசல் இருந்த வீட்டில் பாதியை அடைத்த மாதிரி. அதோடு பக்கத்து பியூட்டில் சங்கிலி சுழல்வதற்கும் அந்த மெத்தில் இடைஞ்சல். ஆகத் திரவ நிலையில் ஒழுங்கின்மை குறைகிறது. திரவத்துக்குப் போய்ப் பெரிய லாபம் இல்லையென்றால் படிகம் ஏன் சீக்கிரம் உருக வேண்டும்?

ஜெர்மனியில் ராஸ்டாக் பல்கலைக்கழகத்தின் ரால்ஃப் லுட்விக் குழு வேறு கோணத்தில் போனது. 2008-ல் அவர்கள் எழுதியது: உப்பு என்பது எல்லாப் பக்கமும் சீராக இழுக்கிற கூலூம் (மின்னூட்டக் கவர்ச்சி) வலை, திசை பார்த்து ஓரிடத்தில் மட்டும் பிடிக்கிற ஹைட்ரஜன் பிணைப்பு அந்தச் சீரைக் குலைக்கிறது, குலைந்த இடத்தில் வலை தளர்கிறது. அதாவது பிணைப்பு கூடினால் திரவம் இளகும். கேட்கத் தலைகீழாக இருக்கிறது, ஆனால் உங்கள் டேட்டா அதைத்தானே சொல்கிறது.

இருவரும் ஒருவரை ஒருவர் மறுக்கிற மாதிரிப் படிக்கும்போது தெரியும். மெத்தில் போடுவதால் எண்ணிக்கையில் ஒரு மாற்றம்தான், ஆனால் பிணைப்பு போவது, இடம் அடைபடுவது, சங்கிலி கட்டுப்படுவது எல்லாமே ஒன்றாக நடந்துவிடுகிறது. ஒன்றை மட்டும் மாற்றி மற்றதை அப்படியே வைக்க வேதியியலில் வழி இல்லை. எனக்கு ஹன்ட் சொல்வதே மனதுக்கு ஒப்புகிறது. பாகுத்தன்மைக்கு லுட்விக் விளக்கம் அழகாகப் பொருந்துகிறது என்பதையும் மறுக்கமாட்டேன்.

சிமுலேஷன் செய்யப் போகிறீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை. நேர்மின் அயனிக்கு முழு +1, எதிர்மின் அயனிக்கு முழு -1 கொடுத்து, முனைவாக்கம் (அயனியின் எலக்ட்ரான் மேகம் நெளிவது) இல்லாத விசைப்புலத்தில் ஓட்டினால் திரவம் தார் மாதிரி நகரும். அதனால்தான் பலரும் மின்சுமையை 0.8 மடங்காகக் குறைத்துக்கொள்கிறார்கள். குறைத்த மின்சுமையை வைத்துக்கொண்டு ஹைட்ரஜன் பிணைப்பின் வலிமையைப் பற்றிப் பெரிதாக முடிவுக்கு வராதீர்கள்.

பதில்: ஆலைக்காரன்

நான் ஆராய்ச்சிக்காரன் இல்லை, தொழிற்சாலையில் டன் கணக்கில் கலக்குகிறவன். 'ஹைட்ரஜன் பிணைப்பு இருந்தால் உருகுநிலை ஏறும்' என்கிற பாடம் இந்தத் துறையில் முதல் நாளே உடைந்துவிட்டது என்பதை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். அம்மோனியம் நைட்ரேட் உருக 169 டிகிரி வேண்டும். அதில் ஒரு ஹைட்ரஜனை எடுத்துவிட்டு எத்தில் போடுங்கள்: எத்தில்அம்மோனியம் நைட்ரேட், 12 டிகிரியிலேயே உருகிவிடும். ரீகாவில் இருந்த பால் வால்டன் 1914-ல் வெளியிட்டது. மீதி மூன்று என்-எச் அப்படியேதான் இருக்கின்றன, நைட்ரேட்டோடு பிணைந்து ஒரு வலையாகவே நிற்கின்றன. அப்படியும் திரவம். உங்களுடைய சி-எச் எல்லாம் அதற்கு முன்னால் சின்னப் பையன்.

எங்கள் பக்கம் இது காசு பண்ணிய கதையும் உண்டு. ஜெர்மன் ரசாயன நிறுவனமான பிஏஎஸ்எஃப் 2002-ல் கொண்டுவந்த பாசில் என்ற தயாரிப்பு முறையில், வினையில் வரும் ஹைட்ரஜன் குளோரைடைப் பிடிக்க வழக்கமான டிரைஎத்தில்அமீனுக்குப் பதில் மெத்தில்இமிடசோல் போட்டார்கள். முன்பு வந்த உப்பு திடப்பொருள். மொத்தக் கலவையும் கூழாகிக் கலக்கவும் முடியாது, வடிகட்டவும் முடியாது. மெத்தில்இமிடசோலியம் குளோரைடு 75 டிகிரியில் உருகிவிடுவதால் வினை நடக்கிற சூட்டில் அது தனித் திரவ அடுக்காகக் கீழே இறங்கிவிடும். குழாயைத் திறந்து வடித்துக்கொள்ளலாம். அதில் இருப்பது சுத்தமான என்-எச்…குளோரைடு பிணைப்பு.

கோனியோமீட்டர் மேடம் ஹெக்ஸாஃப்ளூரோபாஸ்ஃபேட் பற்றிச் சொன்னதால் ஒரு வார்த்தை. ஈரமும் சூடும் சேர்ந்தால் அது சிதைந்து ஹைட்ரஜன் ஃப்ளூரைடு விடும். கண்ணாடிப் பாத்திரம் உள்ளே மங்கலாகி இருந்தால் காரணம் தேடி அலைய வேண்டாம். அதன் பக்கத்தில் கையுறை இல்லாமல் போகாதீர்கள், தம்பி.

கேட்டவர்: உப்புக்கரைசல்

மூவருக்கும் நன்றி. மேடம், நார்மலைஸ் செய்து பார்த்தேன், நீங்கள் சொன்ன மாதிரியே 2.46. குளோரைடு வளையத் தளத்தைவிட்டு அதிகம் விலகவில்லை. கனநீர் வேலையை அடுத்த வாரம் தொடங்குகிறேன்.

இன்னொன்று கேட்க மறந்துவிட்டேன். இரண்டாவது பேட்ச்சில் வந்த படிகங்கள் முதல் பேட்ச் மாதிரி இல்லை. பவுடர் எக்ஸ்ரே எடுத்தால், ஒற்றைப் படிக டேட்டாவிலிருந்து கணக்கிட்ட பேட்டர்னோடு பொருந்தாத கோடுகள் நிறைய. என்.எம்.ஆர். சுத்தமாக இருக்கிறது. நீர் புகுந்திருக்குமா? உங்களுக்கு இருந்த சந்தேகம் என்னவென்றும் சொல்லவில்லையே.

பதில்: கோனியோமீட்டர்

சந்தேகமே அதுதான் தம்பி. பிமிம் குளோரைடுக்கு இரண்டு படிக வடிவங்கள் உண்டு, ஒன்று மோனோகிளினிக், ஒன்று ஆர்த்தோராம்பிக். 2003-ல் டோக்கியோவில் ஹமாகுச்சி குழுவும், ராபின் ராஜர்ஸ் குழுவும் தனித்தனியே எழுதினார்கள். வித்தியாசம் பியூட்டில் சங்கிலியில்: ஒன்றில் அது நீட்டி நிமிர்ந்து டிரான்ஸ் அமைப்பில் இருக்கும், மற்றதில் ஒரு பிணைப்பு கௌஷாக மடங்கியிருக்கும். புரோமைடு உப்பில் மடங்கியதுதான் வரும்.

இதைக் கண்டுபிடிக்க என் கருவியே வேண்டாம். ராமன் நிறமாலை எடுங்கள். நிமிர்ந்த சங்கிலிக்கு அலை எண் 625-ல் ஒரு பட்டை, மடங்கியதற்கு 603-ல். உருக்கிவிட்டு எடுத்தால் இரண்டும் சேர்ந்தே இருக்கும். பாதிமின்சுமை சொன்ன ஒழுங்கின்மை இப்படி ஸ்பெக்ட்ரத்தில் கண்ணெதிரே தெரியும். ராஜர்ஸ் குழுவின் வாதமும் ஏறக்குறைய இதுதான்: எந்த வடிவத்தில் சங்கிலியை அடுக்குவது என்று முடிவாகாததால்தான் இந்த உப்புகள் படிகமாகத் திணறுகின்றன, திரவமாகவே காலம் தள்ளுகின்றன.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்விக்கு வாருங்கள். மெத்தில் போட்ட உப்போடு ஒப்பிட்டீர்களே, அந்த 70-க்குக் கீழே உருகியது எந்த வடிவம்? ஒற்றைப் படிகம் எடுத்த வடிவமும் உருகுநிலை எடுத்த வடிவமும் ஒன்றுதானா? டிஎஸ்சி (உருகுநிலை காட்டும் வெப்ப அளவீடு) எடுத்த அதே பவுடரில் ராமன் எடுத்து இதைக் காட்டாதவரை, 'உருகுநிலை இத்தனை டிகிரி ஏறியது' என்ற வாக்கியத்தை நான் ரெஃப்ரீயாக இருந்தால் விடமாட்டேன். போக்கு சரிதான், ஏறத்தான் செய்யும். எத்தனை என்பதுதான் கேள்வி.

நீர் விஷயம் தனி. இந்த உப்பு காற்றிலிருந்து ஈரம் இழுப்பதை நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறீர்களா? மழைக்காலத்தில் ஒரு படிகத்தைக் கண்ணாடித் தகட்டில் வெறுமனே வைத்துப் பாருங்கள். முதலில் கூர்மையான விளிம்புகள் மழுங்கும். அடுத்து முகங்கள் எண்ணெய் தடவிய மாதிரி மினுங்கும். படிகத்தைச் சுற்றி மெல்லிய ஈர வளையம் ஒன்று கிளம்பி அகலமாகிக்கொண்டே போகும். நீங்கள் ஊசியைத் தேடி எடுத்து வருவதற்குள் நடுவில் ஒரு சின்ன மேடுதான் மிச்சமிருக்கும். அதனால் தாய்க் கரைசலிலிருந்து எடுத்ததும் நேராக ஃப்ளூரின் எண்ணெயில் போட்டுவிடுங்கள். எண்ணெய்க்குள்ளேயே தேர்ந்தெடுத்து, வளையக் கம்பியில் தூக்கி, குளிர் நைட்ரஜன் ஓட்டத்தில் வைத்துவிட்டால் எண்ணெயே உறைந்து படிகத்தைப் பிடித்துக்கொள்ளும். டிஎஸ்சி தட்டையும் உலர்பெட்டிக்குள்ளேயே மூடி அழுத்துங்கள். நீர் எவ்வளவு என்று கார்ல் ஃபிஷர் எண் ஒன்று எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும். நீர் சேர்ந்தால் உருகுநிலை தாராளமாக இறங்கும், பாகுத்தன்மை அதைவிட வேகமாக இறங்கும்.

அறை வெப்பநிலையில் திரவமாகவே இருக்கிற உப்புக்கு என்ன செய்வது என்று அடுத்துக் கேட்பீர்கள். மெல்லிய கண்ணாடிக் குழாயில் அடைத்து, கருவியின் மேலேயே குளிர்வித்து, ஒரு சின்னப் பகுதியை மட்டும் லேசரால் உருக்கி உருக்கி மேலும் கீழும் நகர்த்தினால் ஒரே படிகமாக வளர்க்கலாம். லிவர்பூலில் 2005-ல் அப்படித்தான் பிமிம் ஹெக்ஸாஃப்ளூரோபாஸ்ஃபேட் உள்ளிட்ட சிலவற்றின் அமைப்பை எடுத்தார்கள். பொறுமை உள்ளவர்கள் செய்கிற வேலை. டெட்ராஃப்ளூரோபோரேட்டில் முயல வேண்டாம்; அது படிகமாகாமல் கண்ணாடியாக உறைந்து வேடிக்கை காட்டும்.

கேட்டவர்: உப்புக்கரைசல்

முதல் பேட்ச்சில் கொஞ்சம் உலர்பெட்டியில் மிச்சமிருக்கிறது. இரண்டு பேட்ச்சுக்கும் ராமன் எடுக்க வியாழக்கிழமை நேரம் கிடைத்திருக்கிறது. 603, 625 இரண்டில் எது வருகிறது என்று இங்கேயே போடுகிறேன். ரெஃப்ரீக்குப் பதில் எழுத இன்னும் இரண்டு வாரம் அவகாசம் கேட்டிருக்கிறேன், கைடுக்குத் தெரியாமல்.

பதில்: கோனியோமீட்டர்

கைடிடம் சொல்லிவிடுங்கள். லேசர் பவரைக் குறைத்து வையுங்கள். அதிகமானால் படிகம் அங்கேயே உருகி, இரண்டு பட்டையும் சேர்ந்து வந்து உங்களைக் குழப்பும்.